செல்லாத பவுண்டு, பழைய மார்க், மிச்ச யூரோ: எங்கே கொடுத்தால் முழுக்காசு?

கிளாரா ஷூமான் படம் போட்ட 100 மார்க் நோட்டு ஒன்றும், வோல்ட்டா படம் போட்ட 10,000 லிரா நோட்டு ஒன்றும் ஒரே டப்பாவில் கிடக்கின்றன என்று வையுங்கள். இரண்டும் 2002-ல் யூரோ கைக்கு வந்தபோது புழக்கத்தை விட்டுப் போனவை. எண்ணைப் பார்த்தால் லிராதான் பெரிய தொகை மாதிரி தெரியும். ஆனால் மார்க் நோட்டை ஜெர்மன் மத்திய வங்கியான புண்டெஸ்பாங்கில் இன்றைக்கு நீட்டினாலும் 51 யூரோ 13 சென்ட் எண்ணிக் கொடுப்பார்கள். லிராவுக்கு இத்தாலிய மத்திய வங்கி 2011 டிசம்பர் 6-ந் தேதியோடு கதவைச் சாத்திவிட்டது. அதை எவராவது சேகரிப்பாளர் ஆசைப்பட்டு வாங்கினால்தான் உண்டு.

வெளிநாட்டுப் பணத்தை மாற்றும்போது எல்லாரும் முதலில் கேட்பது “இன்றைக்கு என்ன ரேட்?” என்பதுதான். மிச்சமாகிப்போன, செல்லாததாகிப்போன நோட்டு விஷயத்தில் ரேட் இரண்டாம் பட்சம். வெளியிட்ட நாடு எதுவரைக்கும் பணம் தர ஒப்புக்கொண்டிருக்கிறது என்ற கெடுதான் முதல். அதை வைத்துத்தான் எந்த வழி நல்லது என்று சொல்ல முடியும்.

வழிகள் நான்கு: ஊரிலுள்ள மணி சேஞ்சர், நோட்டை வெளியிட்ட மத்திய வங்கி, தபாலில் வாங்கிக்கொள்ளும் தனியார் நிறுவனம், நாணயச் சேகரிப்பாளர். எங்கள் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். புழக்கத்திலுள்ள நோட்டு என்றால் மணி சேஞ்சர், யோசிக்கவே வேண்டாம். திரும்பப் பெறப்பட்ட நோட்டு என்றால் மத்திய வங்கிதான், கொஞ்சம் காத்திருக்க நேர்ந்தாலும். மற்ற இரண்டும் இந்த இரண்டும் கைவிட்ட பிறகு பார்க்க வேண்டியவை.

மணி சேஞ்சர்

தெரிந்த விஷயம், சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற கடையாக இருக்க வேண்டும், உரிமச் சான்றிதழ் கடையில் கண்ணில் படும்படி இருக்கும். பாஸ்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். பில் கேட்டு வாங்குங்கள். இந்தியாவில் வசிப்பவருக்கு ஒரு பரிமாற்றத்தில் 1,000 டாலர் மதிப்புவரைதான் ரொக்கமாகத் தரலாம், அதற்கு மேல் கணக்கில்தான் வரும். விமான நிலையத்துக் கவுண்டரைவிட ஊருக்குள் இருக்கும் கடையில் ரேட் நன்றாக இருக்கும்.

பலர் கவனிக்காதது வரி. நாணய மாற்றுக்கு ஜிஎஸ்டி உண்டு. ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் மாற்றும் தொகையில் 1 சதவீதத்தைச் சேவை மதிப்பாக எடுத்துக்கொண்டு, அதன் மேல் 18 சதவீதம் போடுவார்கள். அந்தச் சேவை மதிப்பு எவ்வளவு சின்னத் தொகையானாலும் 250 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்பது விதி. ஆக, வரி குறைந்தபட்சம் 45 ரூபாய். 25,000 ரூபாய் மாற்றினாலும் அதே 45, ஐந்து டாலர் மாற்றினாலும் அதே 45. ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஐந்து டாலருக்கு வரும் 425 ரூபாயில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வரிக்கே போய்விடும். அதனால் சில்லறைத் தொகையை ஒவ்வொரு பயணம் முடிந்ததும் ஓடிப்போய் மாற்றாமல், சேர்த்து ஒரே தடவையாக மாற்றுவது நல்லது.

சேர்த்து வைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்றால், கொடுக்கிறது. ஊர் திரும்பிய 180 நாளுக்குள் மிச்ச வெளிநாட்டு நோட்டை ஒப்படைக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் 2,000 டாலர் மதிப்புவரை கையிலேயே வைத்துக்கொள்ளலாம். நாணயங்களுக்கு அந்த வரம்பும் கிடையாது.

மணி சேஞ்சர் எதை வாங்க மாட்டார் என்பதைத் தெரிந்துகொண்டால் அலைச்சல் மிச்சம். அவர் வாங்கிய நோட்டை இன்னொரு பயணிக்கு விற்க வேண்டும், இல்லையென்றால் வங்கிவழியாக வெளிநாட்டுக்குத் திருப்ப வேண்டும். இந்த இரண்டுக்கும் உதவாத நோட்டு அவருக்குத் தலைவலி. கிழிசல், பேனா எழுத்து, ரப்பர் முத்திரை, எண்ணெய்க் கறை இருந்தால் ஒதுக்குவார். 1 டாலர், 5 டாலர் போன்ற சின்ன நோட்டுக்கு ரேட்டைக் குறைப்பார். 1996-க்கு முன்னால் அச்சான, தலை சின்னதாக இருக்கும் 100 டாலர் நோட்டைப் பார்த்தாலே தயங்குவார். அமெரிக்கா 1861 முதல் வெளியிட்ட தன் நோட்டு எதையும் செல்லாது என்று அறிவித்ததில்லை. அந்த நோட்டுக்குச் சட்டப்படி ஒரு குறையும் இல்லை. கள்ளநோட்டோ என்ற பயமும், அடுத்த ஆளிடம் தள்ள முடியாதோ என்ற கவலையும்தான் காரணம். அப்படிப்பட்ட டாலரைக் குறைந்த ரேட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் கணக்கு வைத்திருக்கும் உறவினர் தன் வங்கியில் போட்டால் முழு மதிப்பும் கிடைக்கும்.

ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து வங்கிகள் அச்சிடும் பவுண்டும் இதே ரகம். மதிப்பு ஒன்றுதான், ஆனால் பிரிட்டனுக்கு வெளியே கவுண்டரில் தள்ளிவிடுவார்கள். பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியும் அவற்றை மாற்றித் தராது, வெளியிட்ட வங்கியிடம்தான் போக வேண்டும். எடின்பரோவிலிருந்து கிளம்பும் முன்பே அவற்றைச் செலவழித்துவிடுங்கள், அல்லது அங்கேயே ஒரு வங்கியில் இங்கிலாந்து நோட்டாக மாற்றிக்கொள்ளுங்கள்.

கெடு என்கிற ஒன்று

ஒரு நோட்டுக்கு மூன்று கெடு உண்டு. கடைக்காரர் எதுவரை வாங்குவார் என்பது முதலாவது. அந்த நாட்டு வணிக வங்கிகள் எதுவரை வாங்கும் என்பது இரண்டாவது. மத்திய வங்கி எதுவரை பணம் தரும் என்பது மூன்றாவது. செய்தித்தாளில் “செல்லாது” என்று வருவது பெரும்பாலும் முதல் கெடு மட்டும்தான். அதைப் படித்துவிட்டு நோட்டைக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுத்தவர்கள் உண்டு. மூன்றாவது கெடுதான் நோட்டின் உண்மையான ஆயுள்.

அந்த ஆயுள் நாட்டுக்கு நாடு தலைகீழாக மாறுகிறது. யூரோவுக்கு மாறிய நாடுகளையே பாருங்கள். ஜெர்மனி, அயர்லாந்து, எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா ஆகியவை நோட்டு, நாணயம் இரண்டுக்கும் கெடுவே வைக்கவில்லை. பெல்ஜியம், லக்சம்பர்க், ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியா நோட்டுக்குக் கெடு வைக்கவில்லை, நாணயத்தை முன்பே முடித்துவிட்டன. நெதர்லாந்து கில்டர் நோட்டுக்கு 2032 ஜனவரி 1 வரை நேரம் இருக்கிறது, கில்டர் நாணயத்துக்கு 2007-லேயே முடிந்தது. குரோவேஷியா தன் குனா நோட்டுக்குக் கெடு வைக்கவில்லை, நாணயத்துக்கு 2025 டிசம்பர் 31 என்று வைத்தது. பிரான்ஸ் 2012 பிப்ரவரி 17-லும், பின்லாந்து அதே மாதம் 29-லும், கிரீஸ் மார்ச் 1-லும் முடித்துக்கொண்டன. ஸ்பெயின் பெசேட்டாவுக்கு 2021 ஜூன் 30, போர்ச்சுகல் எஸ்குடோ நோட்டுக்கு 2022 பிப்ரவரி 28 கடைசி நாளாக இருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, நோட்டுக்கு ஒரு கெடு, நாணயத்துக்கு வேறொரு கெடு என்பது. நோட்டை மாற்றிக்கொடுத்த அதே கவுண்டர் நாணயப் பையைத் திருப்பித் தந்தால் அவர்கள் மீது கோபப்பட்டுப் பயனில்லை. இரண்டையும் தனித்தனியாக விசாரித்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் கதை இன்னும் சுவாரசியமானது, அங்கே நம்மவர்கள் நிறைய இருப்பதால் பயனுள்ளதும்கூட. அங்கே திரும்பப் பெற்ற நோட்டுக்கு 20 ஆண்டுக் கெடு என்றுதான் நெடுநாள் சட்டம் இருந்தது. 1956-ல் தொடங்கிய ஐந்தாம் வரிசை நோட்டுகள் (ஒரே வடிவமைப்பில் சேர்ந்து வரும் தொகுதியை வரிசை என்பார்கள்) 1980-ல் திரும்பப் பெறப்பட்டு, 2000 மே மாதத்தோடு வெறும் காகிதமாயின. 1976-ல் தொடங்கிய ஆறாம் வரிசையும் 2000-ல் திரும்பப் பெறப்பட்டு, 2020 ஏப்ரலோடு அதே கதிக்கு ஆளாக வேண்டியது. அதற்கு நாலு மாதம் முன்னால், 2020 ஜனவரி 1 முதல், சட்டத்தைத் திருத்திக் கெடுவையே எடுத்துவிட்டார்கள். ஏழாம் வரிசை அச்சடித்தும் வெளியிடப்படாத ஒன்று. எட்டாம் வரிசை 2021 ஏப்ரல் 30-ந் தேதியோடு திரும்பப் பெறப்பட்டது. ஆக, 1980-களில் அகதியாகப் போய் இறங்கியவர் கையில் வாங்கிய முதல் சம்பளத்து ஆறாம் வரிசை நோட்டு பெட்டியடியில் கிடந்தால், அதற்கு இன்றைக்கும் சுவிஸ் தேசிய வங்கியின் பெர்ன், சூரிக் கவுண்டர்களில் முழு மதிப்பு உண்டு. பழைய ஆண்டு எழுதிய ஒரே காரணத்துக்காக அரை விலைக்குத் தர வேண்டியதில்லை.

நார்வேயில் பத்து ஆண்டுக் கெடு, கடிகாரம் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. ஏழாம் வரிசையின் 100, 200 குரோனர் நோட்டு 2018 மே 30-லும், 50, 500 குரோனர் நோட்டு 2019 அக்டோபர் 18-லும், 1,000 குரோனர் 2020 நவம்பர் 14-லும் புழக்கத்திலிருந்து போயின. பத்தைக் கூட்டினால் கடைசி நாள் கிடைக்கும். முதலில் ஓட வேண்டியது 100-ம் 200-ம்.

கனடா 2021 ஜனவரி 1-ல் 1, 2, 25, 500, 1,000 டாலர் நோட்டுகளின் செல்லுபடித் தகுதியை நீக்கியது. கடையில் வாங்க மாட்டார்கள். கனடா மத்திய வங்கி அவற்றின் மதிப்பை எப்போதும் தரும். ஆஸ்திரேலியாவில் 1966 முதல் வந்த எல்லா நோட்டும், காகிதமோ பாலிமரோ, இன்னும் செல்லும். சிங்கப்பூரில் 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டு அச்சடிப்பது 2014-லும், 1,000 வெள்ளி வெளியீடு 2021 தொடக்கத்திலும் நின்றன, கையில் உள்ளவை சட்டப்படி செல்லும். மலேசியாவின் 500, 1,000 ரிங்கிட் நோட்டுகள் அப்படியல்ல, 1999 ஜூலை 1 முதல் செல்லாதவை.

வளைகுடா நாடுகளில்தான் அவசரம் அதிகம். குவைத்தின் ஐந்தாம் வரிசை தினாருக்கு 2025 ஏப்ரல் 18-ந் தேதியோடு கதவு சாத்தப்பட்டது. ஓமான் 2020-க்கு முந்தைய பல நோட்டுகளுக்கு 2024 டிசம்பர் 31 வரைதான் அவகாசம் கொடுத்தது. கத்தாரின் நான்காம் வரிசை ரியால் 2021 டிசம்பர் 31-க்குப் பிறகு செல்லாது. மத்திய வங்கியில் கோர மட்டும் பத்து ஆண்டு அவகாசம் உண்டு. வேலைக்குப் போய்வந்தவர் வீட்டு பீரோவில் தினாரோ ரியாலோ இருந்தால், ஐரோப்பிய நோட்டைப் போல “எப்போதும் மாற்றலாம்” என்று நினைத்துச் சும்மா இருக்கக் கூடாது.

இங்கிலாந்து வங்கியும் புண்டெஸ்பாங்கும்: கிட்டப் போய்ப் பார்த்தால்

நம் வீடுகளில் அதிகம் அகப்படுவது இங்கிலாந்தின் காகித நோட்டு. 5 பவுண்டு 2017 மே 5-லும், 10 பவுண்டு 2018 மார்ச் 1-லும், ஆடம் ஸ்மித் படம் போட்ட 20 பவுண்டும் போல்ட்டன், வாட் இருவர் படம் போட்ட 50 பவுண்டும் 2022 செப்டம்பர் 30-லும் போயின. அதற்கும் முன்பு 2010-ல் போன எல்கர் படம் போட்ட 20 பவுண்டு, 2014-ல் போன ஹூப்ளன் படம் போட்ட 50 பவுண்டு, எதுவாக இருந்தாலும் இங்கிலாந்து வங்கி எழுதிய மதிப்பை எப்போதும் தரும்.

வாங்கிக்கொள்ள மூன்று வழி. லண்டனில் திரெட்நீடில் தெருவிலுள்ள வங்கியின் கவுண்டருக்கு வேலை நாளில் நேரில் போகலாம். போட்டோ அடையாளமும் முகவரிச் சான்றும் எடுத்துப் போக வேண்டும், வரிசை நீளமாக இருக்கும். படிவத்தை நிரப்பி, அடையாளப் பிரதிகளோடு நோட்டைத் தபாலில் அனுப்பலாம். வழியில் தொலைந்தால் நஷ்டம் அனுப்பியவருக்கு, எனவே பிரிட்டனுக்குள் இழப்பீடு உள்ள ஸ்பெஷல் டெலிவரியில்தான் அனுப்ப வேண்டும். மூன்றாவது, பலருக்குத் தெரியாதது: குறிப்பிட்ட சில போஸ்ட் ஆபிஸ்களில் ஒரு ஆள் இரண்டு ஆண்டில் 300 பவுண்டு வரை காகித நோட்டை மாற்றிக்கொள்ளலாம். லண்டனில் இருக்கும் அத்தையிடம் ஐந்து 20 பவுண்டு நோட்டைக் கொடுத்தனுப்புகிறவர்களுக்கு இதுதான் மிகச் சுலபம். அவர் தன் வங்கிக் கணக்கில் போட முடிந்தால் இன்னும் சுலபம், பல வங்கிகள் தங்கள் வாடிக்கையாளரிடம் வாங்கிக்கொள்கின்றன.

ஒரு எச்சரிக்கை. இங்கிலாந்து வங்கி நோட்டுக்கு மட்டும்தான் பொறுப்பு. நாணயம் அதை அடிக்கும் சாலையான ராயல் மின்ட் சமாச்சாரம். 2017 அக்டோபர் 15-ல் செல்லாததான வட்டமான பழைய ஒரு பவுண்டை அந்தக் கவுண்டரில் நீட்டினால் வாங்க மாட்டார்கள். அதைப் பிரிட்டனில் கணக்கு உள்ளவர் தன் வங்கியில் போட வேண்டும்.

ஜெர்மனியில் இந்தப் பிரிவினை இல்லை. மார்க் நோட்டும் அதன் சில்லறையான ஃபெனிக் காசும் ஒரே இடத்தில், ஒரே நிலையான விகிதத்தில்: 1.95583 மார்க்குக்கு ஒரு யூரோ. கட்டணம் கிடையாது. நேரில் போனால் புண்டெஸ்பாங்கின் கிளையில், தபாலில் என்றால் மைன்ஸ் கிளைக்கு, படிவத்தோடு. கிளைகள் ஒவ்வொன்றாகக் குறைந்து வருவதால், போகிறவர் அந்த ஊரில் கிளை இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போக வேண்டும். இன்னும் சுமார் 1,200 கோடி மார்க் திரும்பி வராமல் இருப்பதாக அந்த வங்கியின் கணக்கு சொல்கிறது. கவுண்டரில் இருப்பவருக்கு இது அன்றாட வேலை, மார்க்கை நீட்டினால் யாரும் வியப்பாகப் பார்க்க மாட்டார்கள்.

மாற்றாதவை இரண்டு. கிழக்கு ஜெர்மனியின் மார்க் 1990-ல் முடிந்தது. போர்க்காலத்து ரைஷ்மார்க்கும் அப்படித்தான். நோட்டில் ‘டாய்ச்ச புண்டெஸ்பாங்க்’ என்றோ, அதற்கு முந்தைய ‘பாங்க் டாய்ச்சர் லேண்டர்’ என்றோ இருந்தால் காசு உண்டு.

நோட்டு கிழிந்திருந்தால்? யூரோ நாடுகளில் பாதிக்கு மேல் கையில் இருக்க வேண்டும், இங்கிலாந்தில் குறைந்தது பாதி. மணி சேஞ்சர் ஓரம் கிழிந்ததற்கே முகம் சுளிப்பார், மத்திய வங்கி முக்கால் நோட்டுக்கு முழு மதிப்பு தரும். மத்திய வங்கிப் பக்கம் நாங்கள் சாய இதுவும் ஒரு காரணம். ஒட்டுகிறேன் என்று பசை தடவி இன்னும் கெடுத்துவிடாமல், துண்டுகளைச் சேர்த்து ஒரு உறையில் போட்டு அப்படியே கொடுப்பது உத்தமம்.

இந்தியாவிலிருந்து எப்படிக் கொண்டுபோவது

மத்திய வங்கி வழியின் பலவீனம் இதுதான். இந்தியாவிலிருந்து வெளிநாட்டு நோட்டை உறையில் போட்டு நேரே மைன்ஸுக்கோ லண்டனுக்கோ தபாலில் அனுப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ரிசர்வ் வங்கியின் அனுமதியில்லாமல் வெளிநாட்டு நோட்டை நாட்டுக்கு வெளியே அனுப்புவதை அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் விதி தடுக்கிறது. சாதாரண தபாலில் போன உறை வழியில் காணாமல் போனால் கேட்கவும் வழியில்லை.

கையில் எடுத்துப் போவதற்குத் தடையில்லை. முந்தைய பயணத்தில் மிச்சமாகி, விதிப்படி வைத்துக்கொண்டிருந்த நோட்டை அடுத்த பயணத்தில் திரும்ப எடுத்துப்போக அதே விதிகளில் இடமிருக்கிறது. அதனால் அடுத்த தடவை போகும்போது நீங்களே கொண்டுபோவதுதான் எங்கள் யோசனை. ஊருக்கு வந்து திரும்பும் உறவினரின் சொந்தப் பணம் என்றால் அவரே கொண்டுபோகட்டும்.

பெரிய தொகையானால் இன்னொன்று. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 10,000 யூரோ மதிப்பும் அதற்கு மேலும் கொண்டுபோனால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். “மார்க்தான் செல்லாத பணமாயிற்றே” என்று விட்டுவிடக் கூடாது. புழக்கத்தில் இல்லாவிட்டாலும் மத்திய வங்கியில் மாற்ற முடிகிற பணம் எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். 20,000 மார்க் என்பது 10,225 யூரோ. அறிவித்தால் ஒரு படிவத்தோடு முடியும், அறிவிக்காமல் பிடிபட்டால் பணத்தை நிறுத்திவைப்பார்கள்.

தபாலில் வாங்குபவர்கள்

ஐரோப்பாவில், முக்கியமாகப் பிரிட்டனில், செல்லாத நோட்டையும் கலவையான நாணயத்தையும் தபாலில் வாங்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. தங்கள் தளத்தில் நோட்டு நோட்டாகப் படம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் விலை எழுதியிருப்பார்கள். நீங்கள் பட்டியல் போட்டு அனுப்ப வேண்டும், அவர்கள் எண்ணிப் பார்த்துக் கணக்கில் போடுவார்கள்.

இவர்கள் செய்வது பெரும்பாலும் நீங்கள் செய்ய வேண்டிய வேலைதான்: பல பேரிடம் வாங்கிச் சேர்த்து, அந்தந்த மத்திய வங்கியிடம் கொண்டுபோய் மாற்றுவது. நடுவில் உள்ள வித்தியாசம் அவர்கள் கூலி. அந்தக் கூலி நியாயமா என்பது உங்கள் கையில் இருக்கும் கலவையைப் பொறுத்தது. ஐந்து காகித 20 பவுண்டுக்கு 80 பவுண்டு தருகிறேன் என்றால், போஸ்ட் ஆபிஸில் 100 கிடைக்கும்போது 20 பவுண்டை விடத் தேவையில்லை. அதுவே ஏழு நாட்டு நோட்டு, ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு, நெதர்லாந்துக்கும் நார்வேக்கும் போகிற ஆள் யாரும் இல்லை என்றால், இவர்கள் தருவது போனஸ். மத்திய வங்கி கைவிட்ட லிராவையும் பெசேட்டாவையும்கூடச் சில இடங்களில் சேகரிப்புக்காகச் சின்ன விலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.

அனுப்பும் முன் செய்ய வேண்டியவை: ஒவ்வொரு நோட்டின் இரு பக்கத்தையும் எண் தெரிய படம் எடுங்கள். நாடு, மதிப்பு, எண்ணிக்கை என்று பட்டியல் எழுதி ஒரு பிரதியை உள்ளே வையுங்கள். எண்ணிக்கையில் தகராறு வந்தால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்று முன்னாலேயே எழுத்தில் கேளுங்கள். இந்தியாவிலிருந்து நோட்டு அனுப்ப மேலே சொன்ன தடை இங்கேயும் உண்டு, எனவே இது லண்டன், பாரிஸ், சூரிக்கில் இருப்பவர்களுக்கான வழி.

நாணயம்: தராசில் வைத்துப் பாருங்கள்

நாணயத்தை ஏன் யாரும் வாங்குவதில்லை என்பதற்கு எடைதான் பதில். 2 யூரோ நாணயம் 8.5 கிராம். ஒரு கிலோவுக்கு 117 நாணயம், 234 யூரோ. ஒரு சென்ட் நாணயம் 2.3 கிராம். அதே ஒரு கிலோவுக்கு 434 நாணயம், 4 யூரோ 34 சென்ட். இரண்டையும் விமானத்தில் ஏற்றும் செலவு ஒன்றேதான். மணி சேஞ்சருக்கு இரண்டையும் பிரித்து எண்ணவும் நேரமில்லை, அதனால் மொத்தமாக வேண்டாம் என்கிறார்.

நீங்கள் அதே கணக்கை உங்களுக்குச் சாதகமாகப் போடலாம். பையைக் கொட்டி, கிலோவுக்கு நூறு யூரோ தேறுகிறதை மட்டும் தனியே எடுங்கள். 1, 2 யூரோ, 1, 2 பவுண்டு, சுவிஸ் 5 பிராங்க் ஆகியவை அதில் வரும். சுவிஸ் 5 பிராங்க் 13.2 கிராம், ஒரு கிலோவில் 375 பிராங்க் இருக்கும். இவற்றைப் போகிற ஆளிடம் கொடுத்தனுப்பினால் அங்கே கடையிலேயே செலவழிப்பார். 5 மார்க் நாணயமும் தேறும்: நூறு நாணயம் ஒரு கிலோ, 500 மார்க், புண்டெஸ்பாங்கில் 255 யூரோ 65 சென்ட். செப்பு நிறச் சில்லறையை உண்டியலுக்கு விட்டுவிடலாம். 1987 முதல் யூனிசெஃப் விமான நிறுவனங்களோடு சேர்ந்து ‘சேஞ்ச் ஃபார் குட்’ என்று பயணிகளிடம் மிச்சச் சில்லறை வாங்குகிறது. விமானத்தில் அந்த உறையைப் பார்த்தால் தயங்காமல் போடுங்கள், அதைவிட நல்ல வழி அந்தக் காசுக்குக் கிடையாது.

5 மார்க்கைக் கொடுக்கும் முன் மட்டும் நாணயத்தைத் திருப்பி ஆண்டைப் பாருங்கள். 1975 முதல் வந்தது 10 கிராம், வெள்ளி இல்லாதது. 1951-லிருந்து 1974 வரையிலான ஆண்டு போட்டது 11.2 கிராம், அதில் 62.5 சதவீதம் வெள்ளி, அதாவது சுத்த வெள்ளியாக 7 கிராம். வங்கியில் கொடுத்தால் இரண்டுக்கும் ஒரே 2 யூரோ 56 சென்ட்தான். வெள்ளி நாணயத்தை அந்த விலைக்குக் கொடுப்பது நஷ்டம். அன்றைய வெள்ளி விலையில் ஏழு கிராம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 1931 முதல் 1967 வரைக்கும், பிறகு 1969-லும் வந்த சுவிஸ் 5 பிராங்கும் வெள்ளிதான், 15 கிராமில் 83.5 சதவீதம்.

சேகரிப்பாளர்

இந்தப் பக்கம் எங்கள் பழக்கம் குறைவு, அதனால் உறுதியாகச் சொல்லக்கூடியதை மட்டும் சொல்கிறோம். மடிப்பே விழாத புது நோட்டு, அபூர்வமான ஆண்டு, நாணயச் சாலைக் குறி ஆகியவற்றுக்குத்தான் முகமதிப்பைவிட அதிகம் கிடைக்கும். ஹாம்பர்க் நாணயச் சாலையின் ‘ஜே’ எழுத்தோடு 1958 ஆண்டு போட்ட 5 மார்க் அப்படிப்பட்ட ஒன்று. பையில் மடித்து வைத்து நைந்த 100 மார்க் நோட்டுக்கு மத்திய வங்கி தரும் 51 யூரோவுக்கு மேல் சேகரிப்பாளர் தர ஒரு காரணமும் இல்லை. அதனால் முதலில் மத்திய வங்கி விலையை வைத்துக்கொண்டு, அதற்கு மேல் பேசுபவரிடம் மட்டும் பேசுங்கள்.

பழைய நோட்டுக்கும் நாணயத்துக்கும் லட்சக்கணக்கில் தருகிறோம் என்று போனில் வருபவர்கள் முன்பணமாகக் கமிஷன், வரி, பதிவுக் கட்டணம் என்று ஏதாவது கேட்டால் உடனே வைத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையே சொல்லி இப்படி வசூலிக்கிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. ரிசர்வ் வங்கி இப்படி எந்த வியாபாரமும் செய்வதில்லை, யாரையும் அதற்கு நியமிக்கவும் இல்லை. உண்மையாக வாங்குகிறவர் உங்களுக்குப் பணம் தருவார், உங்களிடம் கேட்க மாட்டார்.

டப்பாவைப் பிரிக்கும் வரிசை

ஒரு மதியம் உட்கார்ந்தால் போதும். நாடுவாரியாக உறை போடுங்கள், நோட்டு தனி, நாணயம் தனி. ஒவ்வொரு உறையின் மேலும் மொத்தத் தொகை, எந்த வரிசை நோட்டு, அதன் மத்திய வங்கிக் கெடு மூன்றையும் எழுதுங்கள். புழக்கத்திலுள்ளதை மணி சேஞ்சரிடம் ஒரே பில்லாக முடித்துவிடுங்கள். முதல் வரிசை யூரோ நோட்டு, அதாவது 2002-ல் வந்தது, இன்னும் முழுச் செல்லுபடியானது. கடைக்காரர் தயங்கினால் இன்னொரு கடை பாருங்கள், விலையைக் குறைக்க விடாதீர்கள். 500 யூரோ நோட்டு வெளியிடுவது 2019-ல் நின்றாலும் அதுவும் செல்லும். ஆனால் பல கவுண்டர்களில் தயக்கம் இருக்கும் என்பதால் அதை யூரோ நாட்டுக்குப் போகிறபோது அங்கே வங்கியில் மாற்றுவது நல்லது.

மீதி உறைகளைக் கெடு வரிசையில் அடுக்குங்கள். நார்வே குரோனரும் கத்தார் ரியாலும் மேலே. கில்டர் அதற்குக் கீழே, 2032 வரை நேரம் இருக்கிறது. காகிதப் பவுண்டு, மார்க், சுவிஸ் பிராங்க், கனடா டாலர் எல்லாம் அடியில் இருக்கட்டும். அவற்றுக்கு அவசரமே இல்லை, அடுத்த கோடை விடுமுறைக்கு யார் போகிறார்களோ அவர்கள் பையில் போகும்.